வட்டக்கச்சியில் ஒட்டியது வவுனியாவில் கழன்றது: ஒரு வயல் டயோராமா பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்த பொருள் ஒரு டயோராமா, அதாவது 1/32 அளவில் சிறிதாக்கிச் செய்த ஒரு வயல் காட்சி. 80 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம். அடியில் 12 மில்லிமீற்றர் பிளைவூட். அதன்மேல் 25 மில்லிமீற்றர் ரெஜிபோம் (மணிமணியான வெள்ளைப் பொலிஸ்ரைரீன் நுரை) தகடு. வாய்க்கால் கட்டு வரும் பக்கத்தில் இன்னொரு தகட்டை ஏற்றி 50 ஆக்கியிருந்தார்கள். ரெஜிபோமுக்கு மேலே கடதாசிக் கூழும் பைன்டர் கம்மும் (வெள்ளை மரப்பசை) கலந்த ஒரு தோல், அதில் அரித்த செம்மண், அதற்கும் மேலே அக்கிரிலிக் வர்ணம். சேற்று வயலுக்கு மட்டும் மினுமினுக்கும் வார்னிஷ்.

செய்தவர் கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஒருவர். ஐயா என்றே எழுதுகிறேன். முதலில் இரணைமடுக் குளத்தையே செய்ய வெளிக்கிட்டவர். 2018இல் புனரமைப்பு முடிந்த பிறகு குளத்தில் 36 அடி வரை தண்ணீர் மறிக்கலாம். 1/32 அளவில் அதுவே 34 சென்ரிமீற்றர் உயரம். கட்டும் வான்கதவுகளும் வைத்தால் வீட்டு விறாந்தையே காணாது என்று விட்டுவிட்டு, வாய்க்கால் கட்டு ஒன்றையும் அதன்கீழ் சிறுபோகச் சேற்று உழவையும் எடுத்துக்கொண்டார். நல்ல முடிவு. சின்ன இடத்தை எடுத்து ஒழுங்காகச் செய்தால்தான் பார்க்கிறவன் கிட்டப் போய்ப் பார்ப்பான்.

கட்டின் மேல் ஒரு சிவப்பு உழவு இயந்திரம், பின்னால் விதைநெல் மூட்டை ஏற்றிய பெட்டி. இரண்டும் வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பியவை, உலோக வார்ப்பு. உழவு இயந்திரம் மட்டும் கால் கிலோவுக்குக் கிட்ட வரும். கீழே வயலில் ஒரு லாண்ட்மாஸ்டர் (கையால் பிடித்து நடத்தும் இருசில்லு உழவு இயந்திரம்), பிளாஸ்ரிக் தகட்டில் ஐயா கையால் வெட்டிச் செய்தது. மனித உருவங்கள் மூன்று, பனை இரண்டு, உழவுக்குப் பின்னால் புழு பொறுக்கும் கொக்குகள் ஒரு கூட்டம்.

வவுனியாவில் நடந்த ஒரு கண்காட்சிக்கு இதைப் பட்டா வாகனத்தில் (சின்ன லொறி), தறப்பாளால் மூடி, கொண்டு போனார்கள். போய்ச் சேர்ந்தபோது உழவு இயந்திரம் வயலுக்குள் குப்புறக் கிடந்தது. பெட்டி வாய்க்காலுக்குள். ஒரு பனை சரிந்து லாண்ட்மாஸ்டரின் கைப்பிடியை முறித்திருந்தது. உருவங்களில் இரண்டு கழன்று உருண்டு திரிந்தன. கொக்குகள் மட்டும் ஒன்றுகூட அசையவில்லை.

ஐயா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, இதைவிடப் பலமான பசை என்ன இருக்கு? காசு பாக்காமச் சொல்லு."

எங்கே, எப்போது கழன்றது

பசையைப் பற்றிப் பேசமுன் எந்த இடத்தில் எது போனது என்று தெரிய வேண்டியிருந்தது. கூடப் போன பேரனிடம் விசாரித்ததில் ஒரு நல்ல தகவல் கிடைத்தது. ஏ9 வீதியில் போகிற எவரும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டுவதில்லை. இவர்களும் இறங்கிக் கும்பிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு, தறப்பாளைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். "அப்பவே ட்ரக்டர் விழுந்திட்டுது அண்ணை. பனை சரிஞ்சிருந்தது. பெட்டி நல்லாத்தான் இருந்தது" என்றான்.

வட்டக்கச்சியிலிருந்து பிரதான வீதிக்கு ஏறும்வரை உள்ள கிரவல் பாதையைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. முறிகண்டிக்குத் தெற்கே மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று வவுனியாவரை காப்பெற் வீதி. குலுக்கல் பெரிதாக இல்லை. ஆனால் நேரம் மத்தியானம். அடர்நீலத் தறப்பாள் வெயிலைக் குடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

ஆகவே இது ஒரு விபத்து அல்ல, இரண்டு. குலுக்கலில் போனவை வேறு, சூட்டில் போனவை வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து கேட்டால் கிடைக்காது.

கழன்ற பக்கங்களைப் புரட்டிப் பார்த்தது

உடைந்த மொடல் ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதைத் துடைக்கக் கூடாது. கழன்ற அடிப்பக்கம்தான் சாட்சி.

உழவு இயந்திரத்தைப் புரட்டினேன். பின்சில்லு இரண்டிலும் ஒரு ரூபாய்க் குற்றியளவு மண்தோல் அப்படியே ஒட்டியிருந்தது. மேலே வர்ணம், நடுவில் செம்மண், அடியில் கடதாசிக் கூழ், அதிலும் கீழே ரெஜிபோமின் வெள்ளை மணிகள் நாலைந்து. சில்லுக்கும் வர்ணத்துக்கும் நடுவில் ஐயா விட்ட சுப்பர் குளூ கண்ணாடி மாதிரிப் பளபளத்தது, ஒரு வெடிப்பும் இல்லை. பசை தன் வேலையைச் செய்துவிட்டது. அது பிடித்திருந்த தரைதான் தன் கீழே இருந்த தரையை விட்டு உரிந்து வந்திருக்கிறது. இதைவிடப் பலமான பசை போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் அகலமாக உரிந்திருக்கும், அவ்வளவுதான்.

முன்சில்லுகளில் பைன்டர் கம். அது வேறு கதை. சில்லின் விளிம்பைச் சுற்றி நன்றாகக் காய்ந்து தெளிந்திருந்தது. நடுவில் மட்டும் பால் நிறம், விரலால் தொட்டால் பிசுபிசுப்பு. பைன்டர் கம் தண்ணீர் ஆவியாகித்தான் காயும். மேலே ரப்பர் மாதிரியான சில்லு, கீழே வர்ணம் பூசிய தோல். தண்ணீர் போக வழியில்லை. கடதாசி, மரம், மண் போன்ற உறிஞ்சும் பொருளுக்குத்தான் அந்தப் பசை. ஒட்டி எத்தனை கிழமை வைத்திருந்தாலும் அந்த நடுப்பகுதி காய்ந்திருக்காது.

இன்னொன்றும் இதில் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தகைய மொடல்களின் மென்மையான சில்லுகள் பெரும்பாலும் இளக்கிய பிவிசி. அதிலுள்ள எண்ணெய்த் தன்மையான இளக்கி காலப்போக்கில் கசிந்து வெளியே வரும். வர்ணத்தைப் பிசுபிசுக்க வைக்கும், பொலிஸ்ரைரீன் பிளாஸ்ரிக்கில் பட்டால் அதையே உருக்கும். சில்லை நம்பி ஒட்டுகிற பழக்கத்தை உலோக மொடல்களில் கைவிட்டுவிடுவது நல்லது.

பெட்டியின் சில்லுகளுக்குப் பசைத் துப்பாக்கி பாவித்திருந்தார்கள். அந்தப் பசை பொத்தான்போல முழுசாகக் கட்டின் மேல் நின்றது. அதில் சில்லின் வரிகள் அச்சு வார்த்ததுபோலத் தெளிவாகப் பதிந்திருந்தன. சில்லில் பசையின் அடையாளமே இல்லை. சூடான பசை குளிர்ந்த, கனமான பொருளில் பட்டவுடன் மேற்பரப்பிலேயே இறுகிவிடும். உள்ளே ஊறிப் பிடிக்காது. போதாக்குறைக்கு மலிவான பசைக்குச்சிகள் 60, 70 பாகைச் சூட்டிலேயே இளகத் தொடங்கும், பாரம் இழுத்துக்கொண்டிருந்தால் அதற்கு முன்பே நழுவும். வெயிலில் தறப்பாளுக்குக் கீழே வந்த பெட்டி முறிகண்டியைத் தாண்டிய பிறகு விழுந்ததன் காரணம் இதுதான்.

உருவங்களில் கழன்றவை இரண்டினதும் உள்ளங்கால் சாம்பல் நிறம், அதாவது பிளாஸ்ரிக்கின் சொந்த நிறம். வர்ணம் பூசிய காலை வர்ணம் பூசிய தரையில் ஒட்டியிருக்கிறார்கள். சுப்பர் குளூ வர்ணத்தைப் பிடித்தது. வர்ணம் பிளாஸ்ரிக்கை விட்டது. அந்தப் பசை நேராக இழுத்தால் நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் பட்டென்று விடும்.

பனைக்கு ஆய்வே தேவையில்லை. 15 மீற்றர்ப் பனை 1/32 அளவில் 47 சென்ரிமீற்றர். ஐயா கொஞ்சம் குறைத்து 40 ஆக்கியிருந்தார். பூவரசந்தடியில் பட்டி பூசிச் செய்த அழகான பனை. அதன் அடி ரெஜிபோமுக்குள் 2.5 சென்ரிமீற்றர் மட்டும் இறங்கி, பிளைவூட்டைத் தொட்டு நின்றது. மேலே 40, கீழே 2.5, அதுவும் விரல் நகத்தால் கிள்ளக்கூடிய ரெஜிபோமில்.

கொக்குகளுக்கு வருவோம். கடதாசிக் கூழில் உருட்டிய உடம்பு, கால் ஒரு மெல்லிய கம்பி. அந்தக் கம்பியைத்தான் நிலத்தில் குத்தியிருந்தார். சொட்டுப் பசைகூட இல்லாத கொக்குகளும் நின்றன. பாரமும் இல்லை, ஆழமும் இருக்கிறது. ஐயாவுக்கு வேண்டிய பதில் அவருடைய கொக்குகளிடமே இருந்தது. பாரமான ஒவ்வொன்றுக்கும் பிளைவூட் வரைக்கும் போகிற ஒரு கால் வேண்டும். பசை அந்தக் கால் சுழலாமல், ஆடாமல் இருக்க மட்டும்.

கைவிட்ட யோசனைகள்

பேரன் காந்தம் வைப்போம் என்றான். கெட்டிக்காரத்தனமான யோசனை, பொருளை வேண்டும்போது எடுக்கலாம். ஆனால் இந்த வார்ப்பு மொடல்கள் துத்தநாகக் கலவை, காந்தம் திரும்பியும் பார்க்காது. அடியில் இரும்புத் தகடு வைத்து ஒட்டினால், கடைசியில் அந்தத் தகட்டைப் பிடிப்பதும் பசைதான்.

எல்லாவற்றையும் உரித்தெடுத்து ரெஜிபோமுக்குப் பதில் மரத்தில் புதிதாகச் செய்வது இன்னொரு வழி. அதுதான் சரியான வழியும்கூட. ஆனால் அந்தச் சேற்றை ஐயா மறுபடி செய்யமாட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆகவே மேற்பரப்பைத் தொடாமல் கீழிருந்து வேலை செய்வதென்று முடிவு.

உழவு இயந்திரத்துக்கு ஒரு தூண்

உலோக மொடல்கள் கடைப் பெட்டிக்குள் வரும்போது அடிவயிற்றில் ஒரு மரையாணியால் பிளாஸ்ரிக் தட்டில் பூட்டப்பட்டே பெரும்பாலும் வரும். தயாரித்தவனே கப்பலில் வர இதுதான் தாங்கும் என்று முடிவு செய்து வைத்த துளை அது. ஐயாவின் உழவு இயந்திரத்திலும் கியர்ப்பெட்டிக்குக் கீழே இருந்தது. எவரும் கவனிக்காமல் கறுப்பு வர்ணம் அடித்து மூடியிருந்தார்கள்.

துளை இருக்கிறதென்று நேராக மரையாணி போட முடியாது. மேலே 50 மில்லிமீற்றர் ரெஜிபோம். கீழிருந்து முடுக்கினால் ரெஜிபோம் நசுங்கி, இயந்திரம் மெல்ல மெல்லப் புதையும். மரையாணி இறுகியதுபோலத் தெரியும்; இரண்டாம் நாள் பார்த்தால் தளர்ந்திருக்கும். முடுக்குகிற விசையைத் தாங்க நடுவில் கடினமான ஏதாவது நிற்க வேண்டும்.

அதற்கு ஒரு பழைய தும்புத்தடியின் கட்டை. கதவுப் பூட்டுக்குத் துளை போடுகிற வட்டவாளைத் தச்சர் ஒருவரிடம் இரவல் வாங்கி, பிளைவூட்டின் அடியிலிருந்து கட்டையின் பருமனுக்கு ஒரு துளை. ரெஜிபோமை மெல்லிய கத்தியால் மண்தோலின் அடிப்பக்கம் தெரியும்வரை குடைந்தெடுத்தோம். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. மூன்று மில்லிமீற்றர்த் தோல், அழுத்தினால் மேலே புடைக்கும். மேலே பேரனின் உள்ளங்கை, கீழே என் கத்தி. பிறகு கட்டையை அளந்து வெட்டி, இரண்டு டியூப் எபொக்சியைச் சம அளவில் குழைத்துப் பூசி உள்ளே செருகி, ஒரு இரவு விட்டோம். ஐந்து நிமிட வகை அல்ல, ஒருநாள் எடுக்கும் வகை; மெதுவாக இறுகுவது கூடத் தாங்கும். சுப்பர் குளூவை இங்கே நினைக்கவும் வேண்டாம், அது ரெஜிபோமையே தின்று குழியாக்கும்.

கட்டையில் கீழிருந்து அகலத் துளையாக 45 மில்லிமீற்றர் ஏற்றி, மேலே மிஞ்சிய மரத்தில் மட்டும் மூன்று மில்லிமீற்றர்த் துளை. மரையாணியின் தலை வாசரோடு உள்ளேயே உட்கார்ந்துவிடும், மேசையில் தட்டாது. துளை எங்கே வர வேண்டுமென்பதற்குக் கடதாசி வார்ப்பு போதும்: இயந்திரத்தைக் கடதாசியில் நிறுத்தி நாலு சில்லையும் கோடிட்டு, வயிற்றுத் துளையின் இடத்தையும் அளந்து குறித்து, அந்தக் கடதாசியைக் கட்டின் மேல் பழைய சில்லுத் தடத்தில் பொருத்திக் குண்டூசியால் குத்தினோம்.

வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளிக்குப் போல்பொயின்ட் பேனையின் கூட்டிலிருந்து ஒரு துண்டு. இடைவெளியைவிட அரை மில்லிமீற்றர் குறைத்து வெட்டியது. அப்போதுதான் சில்லு நான்கும் மண்ணை லேசாக அழுத்தி நிற்கும், ஆனால் அளவுக்கு மீறி முடுக்கினாலும் அச்சு வளையாது. கறுப்பு பூசி, முன்னால் தும்புக் கீற்று இரண்டு நட்டால் படுத்துப் பார்க்கிறவனுக்குக்கூடத் தெரியாது. உலோகத்துக்குள் போகும் மரையாணியை விரலால் முடுக்குகிற அளவுக்கு மேல் முறுக்கக் கூடாது. துத்தநாக வார்ப்பில் மரை கழன்றால் பிறகு அந்தத் துளை இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

உரிந்து வந்த மண்தோலைச் சில்லிலிருந்து கத்தியால் எடுத்து, அதே இடத்தில் வைத்து ஒட்டினோம். சேறு சேறோடு சேர்ந்துவிட்டது.

மற்றவை

பெட்டியில் துளை இல்லை. ஆனால் அச்சு இருக்கிறது. கொங்கிறீட் வேலைக்குக் கம்பி முடிகிற கட்டுக்கம்பியை எடுத்து, அச்சின் மேலால் ஒரு வளையம். சில்லுக்குப் பின்னால் அச்சின் இருபக்கமும் ஒவ்வொரு சின்னத் துளை பிளைவூட்டின் அடிவரைக்கும். இரண்டு நுனியையும் கீழே ஒரு வாசருக்கு மேலால் முறுக்கிவிட்டோம். அச்சு அசையாத அளவுக்குத்தான் முறுக்க வேண்டும், இங்கே தூண் இல்லை. மேலே தெரிகிற கம்பியில் சேறு பூசினால் போதும். உழவுக்காலத்தில் சேறு இல்லாத அச்சு எங்கே இருக்கிறது?

உருவங்களுக்கு வீட்டு வயரிங் கம்பி. 7/0.67 கேபிளை உரித்தால் 0.67 மில்லிமீற்றரில் ஏழு செப்பு இழைகள்; ஒரு சாணில் ஊருக்கே காணும். பேப்பர் கிளிப்பும் பாவிக்கலாம், ஆனால் அது இரும்பு. பைன்டர் கம்மின் ஈரத்தில் துருப்பிடித்து மாரி முடிய மண்ணில் சிவப்புக் கறை காட்டும். கட்டின் மேல் நின்றவரின் குதிகாலில் கைத்துளைப்பானால் துளையிட்டு, உள்ளங்கால் வர்ணத்தைச் சுரண்டி, கம்பியை எபொக்சியில் இருத்தினோம். வயலில் நின்ற இருவருக்கு வேலை இன்னும் சுகம். சேற்றில் நிற்கிறவனுக்குப் பாதம் தெரியவா போகிறது? கணுக்காலோடு வெட்டிவிட்டு, கெண்டைக்கால் வழியே நீளமான கம்பியை ஏற்றி நேரே பிளைவூட்டுக்குள் இறக்கிவிட்டோம். மெல்லிய கணுக்கால்தான் எப்போதும் முறிகிற இடம்; அது மண்ணுக்குக் கீழே போய்விட்டது. லாண்ட்மாஸ்டருக்கும் இதே கம்பிதான், இரும்புச் சில்லின் உள்ளே மறைத்து.

பனைக்குச் சைக்கிள் சில்லுக் கம்பி. வன்னியில் எந்தச் சைக்கிள் கடையிலும் மூலையில் ஒரு கட்டு பழையது கிடக்கும். இரண்டு மில்லிமீற்றர் உருக்கு, ஒரு நுனியில் மரை, அந்த மரைக்கு நிப்பிள் என்று நட்டும் கூடவே வருகிறது. இதைவிட என்ன வேண்டும்? மரையுள்ள பக்கத்தில் தேவையான நீளம் வெட்டி, வெட்டிய நுனியை அரத்தால் கீறிக் கரடாக்கி, பனையின் அடியில் நாலு சென்ரிமீற்றர்த் துளைக்குள் எபொக்சியில் நட்டோம். மறுநுனி பிளைவூட்டைத் தாண்டி வந்ததும் வாசர் போட்டு நிப்பிளைத் திருப்பினால் பனை அசையாது. நிப்பிளைக் கழற்றினால் பனையைத் தனியே எடுத்துப் போகலாம். 40 சென்ரிமீற்றர் உயரமான ஒன்றைப் பட்டா வாகனத்தில் நட்டபடி கொண்டுபோவதைவிட அதுவே புத்தி. ஐயாவுக்கு இந்த ஏற்பாடு மட்டும் மிகவும் பிடித்துப்போய், நிப்பிள் சாவியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

சோதனையும் அதற்குப் பின்னும்

சோதனை எளிது. கட்டிலில் மெத்தை விரித்து, டயோராமாவைத் தலைகீழாகப் பிடித்து உலுப்புவது. ஐயா அறையை விட்டே போய்விட்டார். விழுந்தவை இரண்டு விதைநெல் மூட்டைகள், ஒரு பனையோலை. மூட்டைகள் பெட்டிக்குள் வெறும் பைன்டர் கம்மில் வர்ணத்தின்மேல் இருந்தவை. அடுக்கை எடுத்து, வர்ணத்தைச் சுரண்டி, ஒன்றோடொன்று ஊசிக்கம்பியால் கோத்துத் திரும்ப வைத்தோம். உழவு இயந்திரத்தின் சில்லுக்குக் கீழே ஒரு கடதாசியைச் செருகிப் பார்த்தேன், போகவில்லை.

கொண்டுபோகிற விதத்திலும் இரண்டு மாற்றம். பிளைவூட்டின் அடியில் நாலு மூலைக்கும் பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய பாதங்கள், வாகனத் தட்டில் ஒரு பஞ்சு மெத்தை. தறப்பாளுக்குப் பதில் வெள்ளைச் சீலை. திரும்ப வட்டக்கச்சிக்கு வந்தபோதும், பிறகு கிளிநொச்சியில் ஒரு பாடசாலைக்குப் போய்வந்தபோதும், அதே கிரவல் பாதைதான். பாரமான எதுவும் அசையவில்லை.

மாரி கழிந்து மறுபடி திறந்து பார்த்தோம். ஈரத்தில் பிளைவூட் ஒரு மூலையில் லேசாகக் கிளம்பி, கட்டின் ஓரத்தில் மண்தோல் மயிரிழைக்கு வெடித்திருந்தது. அடிப்பக்கத்துக்கு வார்னிஷ் அடிக்காததன் பலன். பனை நிப்பிள் ஒன்று அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. மரம் ஈரத்தில் ஊதிச் சுருங்குவதால் அது வரும். இறுக்கிவிட்டு, கழற்றத் தேவையில்லாத வாசர்களில் மட்டும் ஆளுக்கொரு சொட்டு நகப்பூச்சு விட்டோம். இனி ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் அடியைப் புரட்டிப் பார்ப்பது பேரனின் வேலை.